பட்டியல் எழுதும் கை

கல்முனைக் கரையின் இலக்கியத்தைப் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் மூன்று தொழில்களைச் சொல்லித் தொடங்குவர்: மருதமுனையின் தறி, சாய்ந்தமருதின் தோணி, சம்மாந்துறை வட்டைகளின் ஏர். நெய்கிறவனையும் வலை இழுக்கிறவனையும் உழுகிறவனையும் பற்றிய கவிதைக்கோ கதைக்கோ இக்கரையில் பஞ்சமில்லை. அவற்றுட் சில தமிழுக்கே பெருமை தருவன. ஆயின் இந்த மூவர் வீட்டுத் திண்ணையிலும் ஏறியமர்ந்து, உங்கள் மகன் என்னவாக வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். தறியென்றோ தோணியென்றோ ஏரென்றோ ஒருவரும் சொல்லார். உத்தியோகம் என்ற ஒரே விடைதான் மூன்று திண்ணைகளிலிருந்தும் வரும்.

இக்கரையின் நான்காவது தொழில் இந்த உத்தியோகம். ஆசிரியர், எழுதுவினைஞர், கிராம உத்தியோகத்தர், வைத்தியர், பொறியியலாளர், தொண்டு நிறுவனத்தின் கள உத்தியோகத்தர் என்று அது இன்று கிளைவிட்டுப் பரந்திருக்கிறது. ஊரின் நியாயமும் அநியாயமும் களவெட்டியிலும் மீன் வாடியிலும் நடந்த காலம் ஒன்று இருந்தது. இன்று அவற்றிற் பெரும்பகுதி கந்தோர் மேசைமேல் விரித்த ஒரு தாளில் நடக்கிறது. எவனுக்கு வீடு, எவளுக்கு நிவாரணம், எந்தப் பிள்ளைக்கு எந்தப் பாடசாலை என்பதையெல்லாம் ஒரு பேனா தீர்மானிக்கிறது. அந்தப் பேனாவைப் பிடித்த கையின் நடுக்கத்தை நமது புனைகதை போதிய அளவு எழுதியிருக்கிறதா? இல்லை என்பதே நமது கருத்து. அதற்கான காரணங்களையும், எழுதப்பட்ட சிலவற்றின் நிறைகுறைகளையும், எழுதப்பட வேண்டியதன் தன்மையையும் இங்கே ஆராய்வோம்.

* * *

உத்தியோகம் இக்கரையில் எப்படி இவ்வளவு பெறுமதி அடைந்தது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். ஒருபுறம் கடல், மறுபுறம் வயல், இடையில் ஒடுங்கிய மணற்பரப்பு. அதிலே வேலியோடு வேலி ஒட்டிக் குடிகள் நெருங்கி வாழும் ஊர்கள். 1949-ல் கல்லோயா அபிவிருத்திச் சபை தோன்றியது. 1961-ல் மட்டக்களப்பிலிருந்து பிரிந்து அம்பாறை தனி மாவட்டமாயிற்று. ஆனால் கரையோர ஊர்களில் மக்கள் பெருகிய வேகத்தில் அவர்கள் கைக்கு நிலம் பெருகவில்லை. போடியாரின் காணி பிள்ளைகளுக்குப் பங்காகி, பேரப்பிள்ளைகளுக்குத் துண்டாகிப் போயிற்று. நிலம் சுருங்கச் சுருங்கச் சம்பளத்தின் மதிப்பு ஏறியது. 1995-ல் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, அடுத்த ஆண்டே அது பல்கலைக்கழகமாக உயர்ந்தபோது பட்டம் ஊர் வாசலுக்கே வந்தது. பட்டம் வந்த வேகத்தில் வேலை வரவில்லை.

இதனோடு இக்கரைக்கே உரிய குடும்ப வழக்கம் ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. இங்கே, முஸ்லிம்களிடையேயும் தமிழரிடையேயும், வீடு பெண்ணுக்கு உரியது. தாயும் தகப்பனும் மகளுக்கு வீடு கொடுக்க வேண்டும்; மருமகன் அவ்வீட்டுக்கு வந்து குடியேறுவான். மாப்பிள்ளையின் உத்தியோகம் பெரிதாகப் பெரிதாக அவ்வீட்டின் அளவும் பெருக்கும். வாப்பாவின் கை தளரும்போது தங்கைமாரின் வீட்டுச் சுவரை எழுப்புகிறவன் அண்ணன். ஆகவே ஒரு நியமனக் கடிதம் ஒருவனுடைய வயிற்றுக்கு மட்டும் வருவதன்று. அதன் மேல் எத்தனையோ வீடுகளின் அத்திவாரம் போடப்படுகிறது. மூன்று தங்கைமார் உள்ள ஒருவன் மேலதிகாரியின் பொய்க் கணக்கில் ஒப்பமிட மறுத்து வேலையை இழப்பானாகில், மூன்று சுவர்கள் பாதியில் நிற்கும்.

இனி, அக்கடிதம் வரும் வழியையும் பார்க்க வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினரின் சிபார்சு இன்றி ஒரு காவலாளி வேலைகூடக் கிடைக்காது என்ற நம்பிக்கை இந்நாட்டில் எல்லா இனத்தாரிடையேயும் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. எம். எச். எம். அஷ்ரப் துறைமுக அமைச்சராக இருந்த 1990களில் இப்பகுதி இளைஞர் பலர் துறைமுக அதிகார சபையில் வேலை பெற்றனர். தலைமுறைகளாகப் பின்தள்ளப்பட்டிருந்த ஊர்களுக்கு அது வர வேண்டிய பங்கே என்பதை நியாயவான் எவனும் மறுக்கமாட்டான். பிழை ஒரு தலைவரிடத்திலோ ஒரு கட்சியிடத்திலோ இல்லை. உரிமையாக வர வேண்டியதை உபகாரமாக வழங்கும் ஒழுங்கில் இருக்கிறது. உரிமை பெற்றவன் நிமிர்ந்து நிற்கலாம். உபகாரம் பெற்றவன் கடனாளி. கடனோடு நாற்காலியில் அமர்கிறவனுடைய பேனா, முதற் கையொப்பத்துக்கு முன்பே பாதி அடகு போனது.

இவற்றைச் சொல்வதன் நோக்கம் யாதெனில், கந்தோரில் ஒருவன் எதிர்கொள்ளும் அறச் சிக்கல் அவன் கந்தோருக்குள் நுழைந்த பின்பு தோன்றுவதன்று. வீட்டில், கலியாணப் பேச்சில், சிபார்சுக் கடிதத்தில் அது முன்னமே முளைத்துவிடுகிறது. இதனை மறந்து எழுதப்படும் கதை, மரத்தை விட்டு இலையை வரைவது போன்றது.

* * *

நமது எழுத்தாளர்கள் இதனை அறியாதவர்கள் அல்லர். அவர்களே உத்தியோகத்தர்கள். மருதமுனைப் புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீன், கவிஞர் நீலாவணன், பாண்டிருப்புச் சண்முகம் சிவலிங்கம், மருதூர்க்கொத்தன், பின்னர்ப் பல்கலைக்கழகம் சென்ற எம். ஏ. நுஃமான் ஆகியோர் அனைவரும் ஆசிரியத் தொழில் பார்த்தவர்கள். 1960களின் இறுதியில் கல்முனையிலிருந்து 'கவிஞன்' போன்ற ஓர் இதழ் வெளிவர முடிந்ததென்றால், பாடசாலை மணி அடித்த பின் மிஞ்சிய நேரமும், மாத முடிவிற் கிடைத்த சம்பளத்தில் மிஞ்சிய பணமும் அதற்கு உரமாயின. இக்கரையின் நவீன இலக்கியம் ஆசிரியர்களின் கைவேலை என்று கூறினால் மிகையாகாது.

அப்படியிருந்தும் ஆசிரியர் அறை இலக்கியமாகவில்லை. உழவனின் வியர்வையைப் பாடியவர், தமது மேசையில் குவிந்த இடமாற்ற விண்ணப்பங்களைப் பாடவில்லை. இதற்கு மூன்று காரணங்களை நாம் காண்கிறோம்.

முதலாவது, 1950களிலும் 1960களிலும் உருவான ஓர் இலக்கிய அளவுகோல். ஒடுக்கப்பட்ட மக்களை இலக்கியத்தின் நடுவே கொணர்ந்தது அக்காலத்தின் மாபெரும் சாதனை. மண்வாசனை வேண்டும், உழைப்பாளி வேண்டும் என்ற கோரிக்கை அன்று தேவையானதே. ஆனால் அந்த அளவுகோலில் மாதச் சம்பளக்காரன் 'மக்கள்' என்ற சொல்லுக்கு வெளியே நின்றுவிட்டான். அவன் வேடிக்கைக்கு உரியவன், அல்லது வெறுப்புக்கு உரியவன் என்று ஆயிற்று.

இரண்டாவது காரணம் இன்னும் எளியது, சொல்வதற்குக் கூச்சமானது. உழவனைப் பற்றி எழுதினால் உழவன் அதனை வாசித்துவிட்டு வந்து கேள்வி கேட்பது அரிது. அதிபரைப் பற்றி எழுதினால் நாளைக் காலையில் அவர் முன்னிலையில் வரவேட்டில் ஒப்பமிட வேண்டும். அரசாங்க ஊழியன் எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்று வகுத்துள்ள தாபன விதிக்கோவை ஒருபுறம். இடமாற்றம் என்ற எழுதாச் சட்டம் மறுபுறம். வயது போன உம்மாவை விட்டுத் தொலைதூரப் பாடசாலைக்குப் பெட்டி கட்ட அஞ்சாதவர் எத்தனை பேர்?

மூன்றாவது, ஊரின் ஒட்டுறவு. பட்டினத்தில் எழுதுகிறவன் தன் கதாபாத்திரத்தைத் தெருவில் சந்திக்காமல் காலம் கழிக்கலாம். இங்கே மேலதிகாரி மாமியின் மச்சினன். ஒப்பந்தகாரன் பள்ளிவாசல் நிருவாகத்தில் இருப்பவன். இலஞ்சம் கொடுத்தவன் அடுத்த வளவுக்காரன். நெருங்கி வாழ்வதன் நன்மை ஆபத்துக் காலத்தில் தெரியும். அதன் சுமை, உண்மையை எழுதக் குந்தும்போது தெரியும்.

* * *

உத்தியோகத்தன் தமிழ்ப் புனைகதைக்குள் வந்தே இல்லை என்று நாம் சொல்லவில்லை. வந்திருக்கிறான்; பெரும்பாலும் இரண்டு உடைகளில் வந்திருக்கிறான். ஒன்று, ஏழையின் குரல்வளையை நெரிக்கும் கொடியவன். மற்றொன்று, எல்லாவற்றையும் துறந்து நேர்மையைக் காக்கும் உத்தமன். இரண்டுமே வாசகனுக்குச் சௌகரியமானவை. முன்னவனை வெறுத்தும் பின்னவனை வணங்கியும் நாம் நம்மை மறந்துவிடலாம்.

ஈழத்து நாவல்களுள் செங்கை ஆழியானின் 'காட்டாறு' (1977) இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. குடியேற்றக் கிராமமொன்றின் உழவரை வசதி படைத்தோரும் அதிகாரிகளும் சேர்ந்து சுரண்டுவதை அது பேசுகிறது. அதனை எழுதியவர் அரசாங்க நிருவாக சேவையில் இருந்தவர். தாம் இருந்த மரத்தின் புழுவைத் தாமே காட்டத் துணிந்த அந்த நேர்மைக்கு நாம் தலைவணங்குகிறோம். ஆயினும் சுரண்டுகிற அதிகாரி எப்படி உருவானான் என்ற கேள்வி அந்நாவலுக்குப் பின்னும் நமக்கு மிஞ்சுகிறது. அவனும் ஒரு காலத்தில் அரிக்கன் லாம்பின் கீழ் இருந்து படித்து முன்னேறிய ஏழையின் மகனாக இருந்திருக்கக் கூடுமன்றோ? முதல் நாள் கந்தோருக்குப் போனவன் எந்த நாளில் மாறினான்? நமக்கு வேண்டியது அந்த நாளின் கதை.

இக்கேள்வியை நேராகத் தொட்ட ஒரு கதையைப் பிரேம்சந்த் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார். உப்பு இலாகாவில் புதிதாக வேலைக்குச் சேரும் வம்சீதரனுக்கு, சம்பளத்தை நம்பாதே, மேல்வரும்படியைப் பார் என்று தகப்பனே புத்தி சொல்லி அனுப்புகிறார். கள்ள உப்பு வண்டிகளைப் பிடித்த வம்சீதரன், செல்வந்தரான பண்டித அலோபிதீன் நாற்பதினாயிரம் ரூபாய் வரை ஏற்றிச் சொல்லியும் மசியவில்லை. வழக்கு நடக்கிறது. செல்வந்தர் விடுதலையாகிறார்; அதிகாரிக்கு வேலை போகிறது. வீட்டில் தகப்பனின் ஏச்சு, தாயின் துக்கம். இறுதியில் அதே அலோபிதீன் வீடு தேடி வந்து, தம் சொத்துக்களுக்கெல்லாம் மேலாளனாக அவனை நியமிக்கிறார்.

இதனை நேர்மைக்குக் கிடைத்த பரிசென்று பாடப் புத்தகங்கள் போதிப்பதுண்டு. நாம் அப்படி வாசிக்கவில்லை. அரசாங்கத்துக்கு வேண்டாத நேர்மையைக் கள்ள வியாபாரி விலைக்கு வாங்குகிறான். தன் பெட்டியைக் காக்க அவனுக்கும் ஒரு நேர்மையாளன் தேவைப்படுகிறான். பொதுச் சொத்தாக இருக்க வேண்டிய நேர்மை தனிச் சொத்தாக மாறுகிறது. கசப்பான இந்த உண்மையைப் பிரேம்சந்த் சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டுப் போகிறார். அவரே 1921-ல் காந்தியடிகளின் அழைப்பை ஏற்று அரசாங்கக் கல்வித்துறை வேலையை விட்டவர் என்பதை நினைத்தால், வேலையை விடுவதன் விலை அவருக்குத் தெரியாததன்று.

தமிழில் சுந்தர ராமசாமியின் 'பிரசாதம்', 1950களின் இறுதியில் 'சரஸ்வதி'யில் வெளிவந்த கதை, வேறொரு வழியைக் காட்டுகிறது. பிள்ளையின் பிறந்த நாளுக்கு ஐந்து ரூபாய் தேவைப்பட்ட ஒரு பொலிஸ்காரன், யாரையாவது பிடித்து மிரட்டிப் பெறலாமென்று தெருவில் திரிகிறான். அகப்பட்டவர் ஒரு கோயில் அர்ச்சகர். மிரட்டலில் தொடங்கிய பேச்சு, போகப்போக இரு ஏழைகளின் நெருக்கமாகிவிடுகிறது. இலஞ்சம் கேட்கும் கைக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது என்று அக்கதை காட்டியது. அதே வேளையில் அந்தக் கையை அது நியாயப்படுத்தவுமில்லை. கொடியவன், உத்தமன் என்ற இரண்டு உடைகளையும் களைந்து மனிதனை நிறுத்தியதால் அது இன்றும் வாசிக்கப்படுகிறது.

வங்காளத்துச் சங்கர் எழுதிச் சத்யஜித் ராய் 1970களில் படமாக்கிய 'ஜன ஆரண்ய'வில் வேலை கிடைக்காத பட்டதாரி ஒருவன் தரகனாகிறான். ஒவ்வொரு படியும் சிறியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. கடைசிப் படியில், ஒரு வியாபார ஒப்பந்தத்துக்காக அவன் தன் நண்பனின் தங்கையையே ஒருவனிடம் கொண்டு சேர்க்க வேண்டி வருகிறது. அவன் திரும்பிப் போகவில்லை. மனிதன் பாதாளத்தில் ஒரே பாய்ச்சலாக விழுவதில்லை, படிப்படியாக இறங்குகிறான் என்பதை அந்தக் கதை போலக் காட்டிய எழுத்துக்கள் குறைவு.

* * *

இப்பொழுது நமது கரைக்குத் திரும்புவோம். இங்கே எழுதப்படாமல் கிடக்கும் பெருங்கதை எது? பட்டியலின் கதை என்போம்.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையை விழுங்கியது. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையின் எந்த மாவட்டத்திலும் இவ்வளவு பேர் இறக்கவில்லை. மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கடலோரக் குடிகள் இருந்த இடம் தெரியாமற் போயின. இறந்தவரைப் பற்றிக் கவிதைகள் வந்தன, வர வேண்டியவையே. ஆனால் அலை வற்றியபின் எழுந்த இரண்டாவது அலையை இலக்கியம் ஏறிட்டுப் பார்க்கவில்லை. தொண்டு நிறுவனங்கள் வந்தன, வாகனங்கள் வந்தன, படிவங்கள் வந்தன. ஆங்கிலம் தெரிந்த இளைஞனுக்கும் யுவதிக்கும் ஆசிரியச் சம்பளத்திலும் மேலான சம்பளம் வந்தது. பாடசாலையில் இருப்பதா, நிறுவனத்துக்குப் போவதா என்று ஒரு தலைமுறை முழுவதும் ஒரே மாதத்தில் முடிவெடுக்க நேர்ந்தது. போனவர்களிற் பலருக்குக் கிடைத்த முதல் வேலை பயனாளிப் பட்டியல் எழுதுவது.

அந்தப் பட்டியலை எழுதும் கையை நினைத்துப் பாருங்கள். வடக்கிலும் கிழக்கிலும் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று முதலில் ஒரு விதி வந்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். அகலமான ஊரில் அவ்விதி ஒரு கோடு. வயலுக்கும் கடலுக்கும் இடையில் ஒடுங்கிய ஊரில் அது ஒரு கத்தி. உள்ளே தள்ளிக் குடியேற்ற நிலம் எங்கே? வாடகைக்கு இருந்தவனுக்கு உறுதிப் பத்திரம் இல்லை. அவனை எழுதுவதா, விடுவதா? விதியை அப்படியே கடைப்பிடித்தால் ஏழை வெளியே நிற்பான். விதியைத் தளர்த்தினால், அந்தத் தளர்வில் முதலில் நுழைகிறவன் சிபார்சு உள்ளவன். பட்டியலில் இருபது பெயருக்கே இடம் என்றால், இருபத்தோராவது பெயர் தன் சொந்த ராத்தாவின் பெயராக இருந்தால், அந்தக் கை என்ன செய்யும்? மாமனார் வீட்டில் இராச் சாப்பாட்டுக்குக் குந்தும்போது அவன் எந்த முகத்தோடு குந்துவான்?

இதனினும் நுணுக்கமானது ஒன்றுண்டு. இக்கரையில் வீடு பெண்ணுக்கு உரியது என்று மேலே சொன்னோம். பேரலைக்குப் பின் கட்டிக் கொடுத்த வீடுகளுக்கான படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அக்கட்டத்தில் பெரும்பாலும் ஆணின் பெயர் எழுதப்பட்டது. உரித்தும் அவன் பெயருக்குப் போனது. உம்மாவிடமிருந்து மகளுக்கு வந்த வீடு கடலோடு போயிற்று. அதற்கு ஈடாக வந்த வீடு கணவனுடையதாயிற்று. பெண்கள் அமைப்புகளும் ஆய்வாளரும் இதனைப் பின்னர் எடுத்துக் காட்டினர். தலைமுறைகளாக நின்ற ஓர் உரிமையை ஒரு கட்டம் மாற்றியது. அந்தக் கட்டத்தை நிரப்பியவர் ஊரின் பிள்ளை. அவரும் மனைவியின் வீட்டில் வாழ்கிறவர். அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் படிவம் அப்படித்தான் இருக்கிறது என்று எழுதினாரா? அல்லது ஒரு முறையேனும் பேனாவைக் கீழே வைத்து, ஐயா, எங்களூரில் வீடு பொம்பிளையுடையது என்று மேலிடத்துக்குச் சொன்னாரா? சொல்லியிருந்தால் அவருக்கு என்ன நேர்ந்தது? இங்கே இலஞ்சமுமில்லை, களவுமில்லை. விதிப்படி செய்த வேலையே அநீதியாக முடிகிறது. நவீன கந்தோரின் அறச் சிக்கல்களில் மிகக் கடியது இதுவே. கொடியவனும் உத்தமனும் மட்டும் உலவும் கதையில் இதற்கு இடமே இல்லை.

அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியோடு எழுந்த 500 வீடுகள், யாருக்கு என்ற வழக்கிற் சிக்கி, கட்டி முடிந்த பின்னும் பத்தாண்டுக்கு மேல் குடிபுகாமற் பாழடைந்தன. வீட்டை எழுப்பிய கொத்தனாரையும் வரைபடம் போட்ட பொறியியலாளரையும் கோப்பை நகர்த்திய எழுதுவினைஞரையும் கதவு திறக்கக் காத்திருந்த கிழவியையும் ஒரே நாவலுக்குள் நிறுத்த வல்ல கை எங்கே? பட்டியலும் அங்கே முடிந்துவிடவில்லை. 2023-ல் 'அஸ்வெசும' நிவாரணத் திட்டம் வந்தபோது, பெயர் விடுபட்டவர் நாடெங்கும் பிரதேச செயலகங்களின் முன் கூடி நின்றனர். புதிய முறையை வகுத்தவர்கள் கொழும்பில் இருந்தார்கள். ஏச்சைக் கேட்டவர், வாசலில் மேசை போட்டிருந்த சிறிய உத்தியோகத்தர்.

* * *

வினைத்தூய்மை என்று திருக்குறளில் ஓர் அதிகாரம் உண்டு, அறுபத்தாறாவது. பெற்ற தாயின் பசியைக் காண நேர்ந்தாலும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யாதே என்று அதில் வள்ளுவர் கட்டளையிடுகிறார். மேடைகளில் இதனை எடுத்துச் சொல்வது எளிது. நாம் கவனிக்க விரும்புவது வேறு. தீச்செயலுக்குச் சொல்லக்கூடிய சாட்டுகள் அனைத்திலும் வலியதை வள்ளுவர் தேடி எடுத்தார். பேராசையை அவர் சொல்லவில்லை. தாயின் பசியைச் சொன்னார். ஒரு முழு நாவலின் நெருக்கடி அந்த ஒரு குறளில் அடங்கியிருக்கிறது. பசியும் பழியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. எதையும் அவர் மறைக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. அமைச்சனை நோக்கிய அதிகாரங்களின் வரிசையில் இது நிற்கிறது. அதற்கு முன்னரே, செங்கோன்மை என்ற அதிகாரத்தில், அரசன் நீதி வழுவாதிருக்க வேண்டுமென்று அவர் சொல்லிவிட்டார். அதாவது, மேலே நீதி இருக்க வேண்டும் என்று கேட்ட பின்பே கீழே தூய்மை இருக்க வேண்டும் என்று கேட்டார். இன்று நாம் முன்னதை விட்டுவிட்டுப் பின்னதை மட்டும் கேட்கிறோம். ஒப்பந்த அடிப்படையில், நாளை நீடிக்குமோ என்று தெரியாத வேலையில் இருக்கும் இளைஞனிடம் அமைச்சனின் திடத்தை எதிர்பார்க்கிறோம். அவன் தவறினால் ஏசுகிறோம். தவறாமல் வேலையை இழந்தால் பிழைக்கத் தெரியாதவன் என்கிறோம். நம் கலியாணப் பேச்சுக்களில் 'மேல்வரும்படி' என்ற சொல் எத்தனை தடவை தாழ்ந்த குரலில் ஒலிக்கிறது! வம்சீதரனின் தகப்பன் வட இந்தியாவில் மட்டும் இல்லை.

2022-ல் நாடு கடன் கட்ட முடியாமல் நின்றபோது இச்சிக்கல் வேறொரு வடிவத்தில் வந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் விலைவாசி முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ 70 சதவீதம் உயர்ந்திருந்தது. அரசாங்கமே தன் ஊழியருக்கு ஐந்தாண்டு வரை சம்பளமற்ற விடுமுறை கொடுத்து, வெளிநாடு போய்ச் சம்பாதியுங்கள் என்றது. வைத்தியர்களும் தாதியரும் பொறியியலாளரும் போயினர். போனவர் துரோகி, நின்றவர் தியாகி என்று எழுதுவது அதே பழைய இரண்டு உடை. வரிசையில் நின்ற நோயாளிக்கு வைத்தியர் வேண்டும், அதுவும் உண்மை. வைத்தியரின் வீட்டில் பால்மாவுக்கு வழியில்லை, அதுவும் உண்மை. இரண்டு உண்மைகளும் ஒரே அறையில் இருக்கும்போதே இலக்கியம் பிறக்கிறது.

* * *

இங்கே ஒரு மறுப்பு எழலாம். இவையெல்லாம் பத்திரிகைச் செய்தியும் ஆய்வறிக்கையும் செய்ய வேண்டிய வேலை. கதையில் புகுந்தால் பிரசாரமாகிவிடும் என்பர் சிலர். இந்த அச்சத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. 1882-ல் இப்சன் 'மக்களின் பகைவன்' நாடகத்தை எழுதினார். ஊருக்கு வருவாய் தரும் குளிப்பு நிலையத்தின் நீர் கெட்டிருப்பதைக் கண்டறிந்த வைத்தியரை ஊரே பகைவன் என்று முத்திரை குத்துகிறது. அதிலே மேடைப் பேச்சு இருக்கிறது. சில இடங்களில் மிகுதியாகவும் இருக்கிறது. ஆனால் அந்த நாடகம் இன்னும் வாழ்வது அப்பேச்சினால் அன்று. வைத்தியரை எதிர்க்கும் நகரத் தலைவர் அவருடைய உடன்பிறந்த அண்ணன். உண்மையைச் சொன்னால் பிள்ளைகளின் கதி என்னவாகும் என்று நடுங்குகிறவள் அவருடைய மனைவி. இந்த வீட்டுச் சண்டைதான் அதனை வாழவைக்கிறது. பிரசாரத்தில் ஒரு குரல் மட்டும் கேட்கும். மேசைக்கு இருபுறத்துக் குரலும், மேசைக்குப் பின்னாலுள்ள வீட்டின் குரலும் கேட்குமானால் அது இலக்கியம்.

ஆகவே, உத்தியோகத்தனைப் பற்றிய கதையை வாசிக்கும்போது வாசகர்கள் மூன்று கேள்விகளைக் கேட்குமாறு வேண்டுகிறோம். மேசைக்கு எதிரே நிற்கிறவனுக்கு அக்கதையில் முகமும் பெயரும் உண்டா? மேசையில் இருப்பவனின் வீட்டுக் கணக்கு அதில் திறந்து காட்டப்பட்டிருக்கிறதா? அவன் எடுத்த முடிவின் விலையை யார் கொடுத்தார்கள் என்று அது சொல்கிறதா? இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் கதை நொண்டும். மூன்றாவது கேள்வியே பெரும்பாலும் விடுபடுகிறது. நேர்மையாளன் வேலையைத் துறந்து தலை நிமிர்ந்து வெளியேறுவதோடு நமது கதைகள் முடிந்துவிடுகின்றன. அடுத்த மாதம் முதல் தேதியில் என்ன நடந்தது என்பதைச் சொல்ல யாருமில்லை.

விலையைப் பற்றிப் பேசினால் துணையைப் பற்றியும் பேச வேண்டும். தனி ஒருவன் சுமக்க முடியாததை நான்கு பேர் சேர்ந்து சுமக்கலாம். 2016-ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம், மேசைக்கு எதிரே நிற்கிற ஏழையின் கையிலும் ஒரு பேனாவைக் கொடுத்தது. 2023-ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டம், முறைகேட்டை வெளிப்படுத்துகிறவனுக்குப் பாதுகாப்பு உண்டென்று எழுதியது. ஆனால் சட்டம் எழுதிய பாதுகாப்பை ஊர்தான் நிறைவேற்ற வேண்டும். பொய்க் கணக்கில் ஒப்பமிட மறுத்தவனுக்காகத் தொழிற்சங்கம் நிற்குமா? பள்ளிவாசலிலும் கோயிலிலும் அவன் பக்கம் ஒரு சொல் எழுமா? அவனுடைய தங்கையைக் கலியாணம் பேச வருகிறவன், அண்ணனுக்கு வேலை போன காரணத்தைக் கேட்டு, அந்தக் காரணத்துக்காகவே மதிப்போடு பேசுவானா? சீதன வீட்டின் அளவை ஒரு முழம் குறைக்க எந்தக் குடும்பம் முன்வருகிறதோ, அக்குடும்பம் ஓர் உத்தியோகத்தனின் நேர்மைக்கு ஒரு முழம் இடம் கொடுக்கிறது.

இவையெல்லாம் கதைக்கு வெளியே உள்ள கேள்விகள் அல்ல. கதையின் கரு இவற்றிலேயே இருக்கிறது. இக்கரையில் இன்று எழுதுகிற இளைஞர்களிற் பலர் பகலில் கந்தோரிலோ வகுப்பறையிலோ வைத்தியசாலையிலோ இருப்பவர்கள்தாம். வயலுக்குப் போய்க் குறிப்பெடுக்க வேண்டியதில்லை. நாளாந்தம் தம் கைக்கு வரும் கோப்பையே அவர்கள் திறந்து பார்க்கட்டும். அதிலே ஓர் உழவன் இருக்கிறான், ஒரு கரைவலைத் தொழிலாளி இருக்கிறான், வீட்டை இழந்த ஓர் உம்மா இருக்கிறாள். தறியையும் தோணியையும் ஏரையும் பாடிய மண், பட்டியல் எழுதும் கையையும் எழுதியாக வேண்டும். பட்டியலில் விடுபட்டவர்கள் அந்தக் கதைக்காகவும் வரிசையில் நிற்கிறார்கள்.